செவெரோ அடித்த கொக்கி

எங்கள் ஊரான தொலேதோவைப் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மடையர்கள், மீதிப் பேர் மூட்டுவலிக்காரர்கள் என்பது மெலித்தோனின் தீர்மானம். சும்மா சொன்னதில்லை. இருபத்தெட்டு வருடமாக அவர்களைப் பேருந்து நிலையத்தில் பிடித்து, மேடேற்றி, சந்து சந்தாகச் சுற்றிக்காட்டி, மூச்சிரைக்க மறுபடியும் பேருந்தில் அடைத்து அனுப்பியவன் அவன். இறங்கியதும் கேட்பது, கழிப்பறை எங்கே. அடுத்தது, கடல் எந்தப் பக்கம். கடலுக்கு அரை நாள் போகவேண்டும் என்று சொன்னால், இவன்தான் அதை ஒளித்துவைத்த மாதிரி முறைப்பார்கள். காலை பத்து மணிக்கு வந்து, மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பி, தொலேதோவைப் பார்த்தாயிற்று என்று வீட்டுக்குக் கடிதாசி போடுவார்கள். மெலித்தோன் இங்கே பிறந்து ஐம்பத்திரண்டு வருடம் ஆகிறது. அவனே இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

அதிலும் நோட்டுப் புத்தகத்தோடு வரும் தம்பதிகளைக் கண்டால் அவனுக்கு ஆகவே ஆகாது. புருஷன் சொல்லச் சொல்லப் பெண்டாட்டி எழுதுவாள். இல்லையென்றால் பெண்டாட்டி சொல்லப் புருஷன் எழுதுவான். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒன்றையும் பார்க்கமாட்டார்கள். சுவரைக் காட்டினால் சுவர் என்று எழுதிக்கொள்வார்கள். பூனை குறுக்கே போனால் அதற்கு ஒரு பக்கம். ஊருக்குப் போய் அச்சடித்துப் புத்தகமாக்கி விற்கிறவர்களும் உண்டு. அப்படி ஒரு ஜோடியைத்தான் முழுக் கழுதைகள் என்று போன வருடம் வரை சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கதைக்கு முன்னால் கொக்கிக் கதையைச் சொல்லவேண்டும்.

மெலித்தோன் இருப்பது மனைவி காசில்தாவின் வீட்டில். நற்கருணைத் திருநாள் ஊர்வலம் வளைந்து திரும்பும் தெருவில், சரிவான இடத்தில் நிற்கிற பழைய வீடு. ஊர்வலப் பாதை நெடுக, இந்தச் சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் குறுக்கே வெள்ளைப் பந்தல் துணி இழுத்துக் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்காக வீட்டுக்கு வீடு சுவரில் இரும்புக் கொக்கி உண்டு. காசில்தாவின் அப்பா செவெரோ பந்தல் கட்டும் கூட்டத்தில் பெரிய கை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருடம் தன் வீட்டுக் கொக்கி துருப்பிடித்துவிட்டதென்று புதிதாக ஒன்று வாங்கிவந்து தானே அடித்தார். எதிர்வீட்டு வாசற்படியிலிருந்து உயரம் அளந்தவர், தெரு அந்த இடத்தில் சரிகிறது என்பதை மறந்துபோனார். மேட்டில் பிறந்து மேட்டிலேயே வளர்ந்தவர்கள் செய்கிற தப்பு அது. சரிவு எங்கள் காலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

அந்த வருடம் ஊர்வலத்துக்கு முதல் நாள் மழை. நனைந்து கனத்த பந்தல் துணி அந்த ஒரு கொக்கிப் பக்கம் மட்டும் தொங்கிப்போயிற்று. ஊர்வலத்துக்கு முன்னால் குதிரைமேல் நிமிர்ந்து வந்த ஒரு கர்னலின் இறகு வைத்த தொப்பியைத் துணி வழித்தெடுத்துவிட்டது. கர்னல் நாலு வீடு தாண்டிப் போய்விட்டார், தொப்பி மட்டும் பந்தலில் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது. ராணுவம் ஆண்ட அந்தக் காலத்தில் கர்னலைப் பார்த்துச் சிரித்தால் என்ன நடக்கும் என்று தெருவுக்குத் தெரியும். எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருத்தி தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அப்புறம் தெருவே சிரித்தது.

கர்னலைப் பார்த்துச் சிரிக்க முடியாதவர்கள் மறுநாளிலிருந்து செவெரோவைப் பார்த்துச் சிரித்தார்கள். பந்தல் வேலைக்கு அவரை அப்புறம் கூப்பிடவே இல்லை. அவர் தெருவில் வந்தால் ஆம்பளைகள் இரண்டு கையாலும் தங்கள் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினேழு வருடம். அந்த வீட்டுக்குத் 'தொப்பி வீடு' என்றே பெயர் விழுந்தது. காசில்தா பள்ளிக்கூடம் போனால் வாத்தியாரம்மா முதற்கொண்டு தொப்பிக்காரர் மகள் என்றார்கள். ஒரு முழம் கீழே அடித்துவிட்டார் என்று தெரு சொல்லும். "நாலு விரல்தான்" என்று காசில்தா சண்டைக்குப் போவாள். நாலு விரலா ஒரு முழமா என்று அவள் எத்தனை பேர் தலைமுடியைப் பிடித்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. அறுபத்தெட்டாம் வருடம் செவெரோ செத்தார். சவப்பெட்டி வீட்டுக்கு எதிரிலிருந்த மதுக்கடையைத் தாண்டும்போதுகூட ஒரு கழிசடை தொப்பியைப் பிடித்துக்கொண்டான். அதைக் காசில்தா பார்த்தாள். மெலித்தோனும் பார்த்தான், அவனும் சவ ஊர்வலத்தில் வந்திருந்தான். அப்போது அவனுக்கு இருபத்துநாலு வயது. அந்தப் பெண்ணின் வீட்டு வழியாக ஒரு நாளைக்கு ஆறு தடவை போய்வருகிறவன், ஒரு தடவைகூட வாய் திறந்து பேசியதில்லை.

சாவு நடந்த எட்டாம் நாள் பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஆர்மான் கொலின்யோன், அவர் மனைவி பெர்த். அவர் கையில் பென்சில், அம்மாள் கையில் நோட்டு. எங்கள் மொழி காதுக்குப் புரியும், வாயில் வராது. மெலித்தோன் உணவுக்கடையில் தட்டு கழுவியபோது பொறுக்கிய பிரெஞ்சை வைத்துக்கொண்டு அவர்களைச் சுற்றிக்காட்டி வந்தான். மதுக்கடைக்கு எதிரே வந்ததும் அந்த மனுஷர் பென்சிலால் மேலே காட்டினார்.

"அந்தக் கொக்கி ஏன் மத்ததைவிடக் கீழே இருக்கு?"

மதுக்கடை வாசலில் மூன்று பேர் கிளாசோடு நின்றிருந்தார்கள். கேள்வி என்ன என்று பென்சிலைப் பார்த்தே புரிந்துகொண்டு, மூன்று பேரும் ஆளுக்கொரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்கள். கர்னல் கதையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், கையில் தாராளமாக வைப்பார்கள். ஊரில் எல்லா வழிகாட்டிகளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொக்கிக்கு மேலே சன்னலில் காசில்தா கறுப்புச் சாயத்தில் முக்கியெடுத்த துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

மெலித்தோன் வாயைத் திறந்தான். வந்தது வேறு கதை. முஸ்லிம் மூர்கள் ஆண்ட காலத்தில் இந்த வீட்டில் ஒரு மணப்பெண் இருந்தாளாம். கல்யாணமான மூன்றாம் நாள் புருஷன் சண்டைக்குப் போய்விட்டானாம். அவன் திரும்பி வரும்போது வழி தெரியவேண்டுமென்று அவள் சன்னலிலிருந்து தன் கைக்கு எட்டுகிற உயரத்தில் இந்தக் கொக்கியை அடித்து, தினம் ஒரு விளக்கை மாட்டினாளாம். தெருவே கேட்கும்படி, எங்கள் மொழியிலேயே, உரக்கச் சொன்னான். எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. மதுக்கடைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். பெல்ஜிய அம்மாள் கைக்குட்டையை எடுத்துச் சுருட்டி மேலே வீசினாள். அது கொக்கியில் போய் மாட்டிக்கொண்டது.

அடுத்த வருடம் காசில்தாவுக்கும் அவனுக்கும் கல்யாணம். அதற்கும் அடுத்த வருடம் அந்தத் தம்பதியின் புத்தகம் பிரெஞ்சில் வந்தது. பிறகு ஆரம்பித்தது கூத்து. வருகிற ஜோடியெல்லாம் 'மணமகளின் கொக்கி எங்கே' என்று கேட்டுக்கொண்டு வந்து, கைக்குட்டையை உருட்டி மேலே எறிந்தன. மாட்டிக்கொண்டால் பிரியமாட்டார்களாம். மாட்டாமல் சன்னலுக்குள் விழுந்ததையெல்லாம் காசில்தா துவைத்து அடுப்பு துடைக்க வைத்துக்கொண்டாள். முக்குக் கடைக்காரன் பாதாம் இனிப்பைக் கொக்கி வடிவத்தில் செய்து விற்றான். நகரசபை பித்தளையில் தகடு அடித்து மாட்டியது: மணமகளின் கொக்கி, பத்தாம் நூற்றாண்டு. பந்தல்காரர்கள் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால், அதற்கு மேலே வேறு கொக்கி அடித்துக்கொண்டார்கள். தொப்பியைப் பிடிக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. செவெரோ என்ற பெயரும் அதோடு மறைந்தது.

இந்த இரண்டாவதைத்தான் காசில்தா மன்னிக்கவில்லை.

"எங்கப்பா கொக்கியை வித்துத் திங்கறவன்தானே நீ" என்பாள், சோறு போடும்போதெல்லாம். "ரெண்டு வெளியூர்க்காரங்க கையில கொடுக்கப்போற காசுக்காக, அவர் அடிச்சதை எவளோ அடிச்சதாக்கிட்டே. வாய் கூசலையா உனக்கு?"

"அதைத் தின்னுதானே ரெண்டு பேரும் இப்படி இருக்கோம்" என்பான் மெலித்தோன், தட்டிலிருந்து தலை தூக்காமல்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் புத்தகத்தையும் அவன் புரட்டிப் பார்த்ததில்லை. "ரெண்டு பெல்ஜியக் கழுதைங்க. என்ன சொன்னாலும் எழுதிக்கிட்டாங்க. கொக்கியில கொல்லன் முத்திரைகூட அழியலை, அதைப் பார்க்கத் துப்பில்லை" என்று மதுக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். வெளியூர்க்காரனுக்குக் கண் கிடையாது, காது மட்டும்தான் என்பதற்கு அவன் காட்டுகிற முதல் சாட்சி அவர்கள்தான்.

போன வருடம், தொண்ணூற்றாறில், புதுச் சட்டம் வந்தது. வழிகாட்டிகள் பரீட்சை எழுதி, மார்பில் சான்று அட்டை மாட்டிக்கொள்ளவேண்டும். அட்டை இல்லாதவன் நாலு வெளியூர்க்காரர்களோடு தெருவில் நின்றால் பிடித்துக்கொண்டு போவார்கள். மெலித்தோனுக்கு வேறு தொழில் தெரியாது. தட்டு கழுவலாம் என்றால் இடுப்பு ஒத்துழைக்காது. பரீட்சைக்கென்று ஓய்வுபெற்ற வாத்தியார் தோன் லியாந்த்ரோ ஒரு கையேடு போட்டிருந்தார், மஞ்சள் அட்டை, நானூறு பக்கம். அதை மெலித்தோன் மூன்று மாதம் உருப்போட்டான். ராஜாக்களின் வரிசை, மணிகளின் எடை, பாலத்துக் கற்களின் வயது எல்லாவற்றையும் குளிக்கும்போதும் முனகிக்கொண்டிருந்தான். எழுத்துத் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினான். வாய்மொழித் தேர்வு மிச்சம்.

தேர்வறையில் மூன்று பேர். நடுவில் தோன் லியாந்த்ரோவே. இந்தப் பக்கம் நியேவெஸ் என்று ஒரு இளம்பெண், பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்தவள். அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே தூங்கத் தெரிந்த ஒரு அதிகாரி. கடைசிக் கேள்வியைத் தோன் லியாந்த்ரோ சர்க்கரைக் கட்டி நீட்டுகிற மாதிரி நீட்டினார்.

"சுலபமா ஒண்ணு கேக்கறேன். மணமகளின் கொக்கி. அந்தப் பொண்ணு எத்தனை வருஷம் காத்திருந்தா?"

மெலித்தோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையேட்டில் அவன் படிக்காமல் விட்ட ஒரே பக்கம் அது. தன் கதையைத் தானே யாராவது உருப்போடுவானா? "மூணு வருஷம்" என்றான். அவசரக்காரக் கூட்டத்துக்கு அவன் மூன்று வருடம் சொல்வது வழக்கம். சாவகாசக்காரர்களுக்கு ஐந்து.

"ஏழு" என்றார் தோன் லியாந்த்ரோ. "கொக்கியில எதை மாட்டினா?"

"விளக்கை."

"புருஷனோட குதிரைக் கடிவாளத்தை. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம். ரெண்டு மதிப்பெண் போச்சு. அந்த ரெண்டுலதான் நீங்க தேறியிருக்கணும். வருந்தறேன்."

மெலித்தோன் எழுந்துவிட்டான். "கடிவாளமா? எந்தக் குதிரை? ஐயா, அந்தப் பொண்ணே கிடையாது! அறுபத்தெட்டுல மதுக்கடை வாசல்ல நின்னு நான் விட்ட புளுகு அது. கொக்கியை அடிச்சது என் மாமனார் செவெரோ."

"செவெரோ யாரு?" என்று கேட்டார் தோன் லியாந்த்ரோ, கையேட்டின் பெயர்ப் பட்டியலைப் புரட்டியபடி. "அப்படி ஒருத்தர் இதுல இல்லையே. போன வாரம் ஒருத்தர் வந்து பாலமே எங்க தாத்தா கட்டினதுன்னார். இதுக்கு பெல்ஜியத் தம்பதி எழுதின புத்தகம் எழுத்துபூர்வமான ஆதாரம். நானே நேரே படிச்சதில்லை, சுற்றுலா மலர்ல வந்த சுருக்கத்திலேருந்து எடுத்தேன். உங்ககிட்ட ஆதாரம் இருந்தா பத்து நாளைக்குள்ள கொண்டுவாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் காசில்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உன் பொய்யில நீயே தோத்துட்டியா? ஊர்ல ஒருத்தன் இப்படி உண்டா? மத்தவன் பொய்யில மாட்டினாக்கூட மரியாதை இருக்கு!"

"சிரி, நல்லா சிரி. அடுத்த மாசம் அடுப்புல பூனை தூங்கும், அதையும் பார்த்துச் சிரிக்கலாம்."

"எங்கப்பா அடிச்சதுன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"செவெரோ யாருன்னு கேட்டாங்க."

அவள் சிரிப்பு நின்றது. பன்றிக்கறியும் பட்டாணியும் அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தன, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினேழு வருடம் தொப்பியைப் பிடித்துக் கேலி செய்த ஊர், இப்போது யார் என்று கேட்கிறது. கேலியாவது ஆள் இருந்ததற்கு அடையாளம். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதை மெலித்தோன் பார்த்தான், பார்க்காத மாதிரி ரொட்டியைப் பிய்த்தான்.

மறுநாளே அவள் நகர நூலகத்துக்குப் போய், அந்தப் பெல்ஜியத் தம்பதியே அன்பளிப்பாக அனுப்பிவைத்திருந்த பிரதியை இரவல் வாங்கிவந்தாள். இருபத்தாறு வருடத்தில் அதை எடுத்த முதல் ஆள் நீங்கள்தான் என்று நூலகத்துப் பெண் சொன்னாளாம். மெல்லிய புத்தகம். அதைச் சமையல்மேசையில் அவன் முன்னால் போட்டாள்.

"படி. எனக்குத்தான் பிரெஞ்சு தெரியாதே. கொக்கியைப் பத்தி என்ன இருக்கோ, ஒரு எழுத்து விடாம சொல்லு. இட்டுக்கட்டினேன்னு தெரிஞ்சா கரண்டியாலயே போடுவேன்."

மெலித்தோன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினான். தொலேதோவுக்கு இருபது பக்கம். பூனை இருந்தது, எதிர்பார்த்த மாதிரியே. கொக்கி வந்தது. விரலை வரிமேல் வைத்து நகர்த்தி, திக்கித் திக்கிச் சொன்னான். கதை அப்படியே இருந்தது, மூன்று வருடம், விளக்கு, எல்லாம் அவன் சொன்னபடியே. ஏழு வருடமும் கடிவாளமும் அந்தச் சுருக்கம் எழுதினவன் கைவேலை. பக்கத்தைத் திருப்பினான்.

"'இது உண்மையில்லை என்று எங்கள் இருவருக்கும் அப்போதே தெரிந்தது. கொக்கி புதியது. கொல்லனின் முத்திரைகூட அழியவில்லை...'"

"போதும்!" என்று மேசையைத் தட்டினாள் காசில்தா. "இதுதான் ஆதாரம். புதுக்கொக்கின்னு அச்சுல இருக்கு. கிளம்பு."

மெலித்தோன் கிளம்பவில்லை. அவன் விரல் அடுத்த வரிகளில் நகர்ந்துகொண்டிருந்தது. கண் படித்தது, வாய் படிக்கவில்லை. காதுமடல் சிவந்துபோயிற்று. புத்தகத்தை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டான்.

"விட்டுடு காசில்தா. பரீட்சையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். தட்டு கழுவிக்கறேன்."

"ஏன், மீதியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. பூனை."

இருபத்தேழு வருடம் அவனோடு குடித்தனம் செய்தவள் அவள். அவன் பொய் எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று அவளுக்கு அத்துபடி. புத்தகத்தை அவன் கைக்கு அடியிலிருந்து உருவினாள், தலையில் துணியைக் கட்டிக்கொண்டாள், மேட்டில் ஏறினாள். அவன் பின்னாலேயே ஓடினான். வழியெல்லாம் அவன் வெட்கத்தில் வெந்துகொண்டிருந்தான். கழுதைகள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான். அந்தக் கழுதைகள் எல்லாவற்றையும் பார்த்திருக்கின்றன, அவன் ஒன்றும் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் அதே மூன்று பேர். தோன் லியாந்த்ரோ முதல் பத்தியைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சு தனக்குப் பாதிதான் என்று நியேவெஸிடம் தள்ளினார். அந்தப் பெண் படித்து, அப்படியே எங்கள் மொழியில் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். மெலித்தோன் சன்னலுக்கு வெளியே புறாவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"'கொல்லனின் முத்திரைகூட அழியவில்லை. அதோடு, அதுவரை எங்களிடம் பிரெஞ்சில் பேசிவந்த இளைஞன், அந்த இடத்தில் மட்டும் தன் மொழிக்கு மாறி, குரலையும் உயர்த்தினான். எதிரே மூன்று பேர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏன் என்று தெரியவில்லை, நல்ல சிரிப்பாக இல்லை. மேலே சன்னலில் கறுப்பு உடையில் ஒரு பெண், ஈரத்துணியைப் பிழிந்த கை பிழிந்தபடி நின்றிருந்தாள். இளைஞன் எங்களைப் பார்க்கவே இல்லை. கதை முடிந்தபோது அந்த மூன்று பேரின் கைகளும் தொப்பியிலிருந்து இறங்கியிருந்தன. இந்தக் கதை நமக்குச் சொன்னதில்லை என்று பெர்த் என் காதில் சொன்னாள். யாருக்குச் சொன்னானோ அவளுக்காக, நாங்கள் நம்பியதாக நடித்தோம். பெர்த் கைக்குட்டையை வீசினாள்.'"

நியேவெஸ் நிறுத்தினாள். தூங்குகிற அதிகாரி தூங்கவில்லை. காசில்தா மெலித்தோனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோன் லியாந்த்ரோ தொண்டையைச் செருமினார். தன் நானூறு பக்கத்தில் ஒன்று போய்விட்ட எரிச்சல் அவருக்கு. "ஆக, நகரத்துக்கு வந்த விருந்தாளிங்ககிட்டப் பொய் சொன்னதை ஒத்துக்கறீங்க. இப்படிப்பட்டவருக்கு அட்டை கொடுக்கணும்னு வேற கேக்கறீங்க."

மெலித்தோன் வாயைத் திறக்குமுன் காசில்தா முன்னால் வந்தாள்.

"விருந்தாளிங்ககிட்ட இல்லைங்க" என்றாள். "என்கிட்ட."

அப்புறம் மூன்று பேரும் தலையைக் கூட்டிக் குசுகுசுத்தார்கள். விடை தப்பென்றால் கேள்வியும் தப்பு, கேள்வியையே நீக்கிவிடுவோம் என்றாள் நியேவெஸ். நீக்கிவிட்டால் மெலித்தோன் தேறிவிட்டான். ஆனால் கையேடு நாலாயிரம் பிரதி அச்சாகிவிட்டது, தகடும் பித்தளை, ஆகவே கையேட்டில் இருக்கிறபடிதான் கதையைச் சொல்லவேண்டும் என்று தோன் லியாந்த்ரோ விரலை ஆட்டினார். ஏழு வருடம், கடிவாளம். அதிகாரி அட்டையில் முத்திரை குத்தினார்.

இறங்கி வரும்போது பாதி வழியில் காசில்தா ஒரு படிக்கட்டில் நின்றாள்.

"ஏன்யா சொல்லலை?"

"நீ கேக்கலையே."

"கொக்கியை வித்துத் திங்கறவன்னு இருபத்தேழு வருஷம் திட்டியிருக்கேன்."

"தின்னேனே. அது நிஜம்தானே."

"போடா மடையா" என்று சொல்லிவிட்டு, தலைத்துணி முனையால் மூக்கைச் சிந்திக்கொண்டு விடுவிடுவென்று இறங்கினாள். வீட்டுக்கு வந்து முந்தின நாள் தீய்ந்த சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தவள், அன்று முழுக்க அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டை மாட்டிக்கொண்டு மெலித்தோன் கூட்டிவந்த முதல் கும்பலில் பதினோரு பேர். கழிப்பறை கேட்டாயிற்று, கடலும் கேட்டாயிற்று. நடுவில் ஒரு ஜோடி, புருஷன் கையில் வரைபடம், பெண்டாட்டி கையில் நோட்டு. மதுக்கடைக்கு எதிரே வந்ததும் எல்லோரும் தகட்டைப் படித்துவிட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினார்கள். நோட்டுக்காரப் பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள்.

"தகட்டை நம்பாதீங்க" என்றான் மெலித்தோன், எங்கள் மொழியில், தெருவே கேட்க. "எங்க ஊர்ல பித்தளையில எழுதினது எதையும் நம்பக்கூடாது. இந்தக் கொக்கியை அடிச்சது என் மாமனார் செவெரோ, பந்தல்காரர். ஐம்பத்தொண்ணுல அடிச்சார். சரிவைக் கவனிக்காம கொஞ்சம் கீழே அடிச்சுட்டார், ஒரு கர்னலோட தொப்பி போச்சு. அதிகமில்லை, நாலு விரல்தான்."

மேலே சன்னல் படாரென்று திறந்தது. காசில்தா இடுப்பு வரை வெளியே சாய்ந்தாள், கையில் அடுப்புத் துணி.

"எவன் சொன்னது நாலு விரல்னு? ஒரு முழம்! எங்கப்பா செவெரோ ஒரு முழம் கீழே அடிச்சார்! அம்மா, நோட்டு வெச்சிருக்கற அம்மா, எழுதிக்கோங்க, முழு முழம்!"

நோட்டுக்காரப் பெண் மேலே அவளைப் பார்த்தாள், கீழே இவனைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் எழுத ஆரம்பித்தாள். மெலித்தோன் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை நின்றான்.